கடலோரத்தில் ஆறு மாதத்துக்கு ஓர் அறை

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூக்கம்மா என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. இருபத்திரண்டு வருஷமாகத் துப்புரவு வேலையை மேற்பார்வை பார்க்கிறாள். வார்டு வாசலில் நின்று ஒரு தடவை மூச்சை இழுத்தால் போதும், எந்தக் கட்டிலுக்கு அடியில் வாளி கழுவாமல் கிடக்கிறது, எந்தக் கழிப்பறையில் மருந்தை மட்டும் ஊற்றிவிட்டுத் தேய்க்காமல் வந்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுவாள். சீழ், ரத்தம், வாந்தி எதுவும் அவளை முகம் சுளிக்க வைத்ததில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினால், "கழுவினா போயிடும், வா" என்று கையைப் பிடித்து இழுத்து வருவாள்.

மகள் கட்டடம் வரையும் படிப்பில் கடைசி வருஷம். ஏதாவது ஓர் அலுவலகத்தில் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் முடித்தால்தான் பட்டம். பெருநகரத்தில் பேர்போன ஓர் அலுவலகத்தில் இடம் கிடைத்தது. சம்பளம் கிடையாது, ரயில் சீட்டுக்குக் காணும் அளவு ஏதோ தருவார்கள். நகரத்துக்குள் ஒரு கட்டில் போட இடம் கேட்டாலே மூக்கம்மாவின் சம்பளத்தில் பாதி போய்விடும். சீனியர் பெண்கள் ஒரு வழி சொன்னார்கள். ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி ஒரு கடற்கரைக் குடியிருப்பு இருக்கிறது, பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் தங்குகிறார்கள், வாடகை மூன்றில் ஒரு பங்கு. மகள் போனில் படங்களைக் காட்டினாள். நீலக் கடல், வெள்ளைச் சுவர், ஜன்னலில் பறக்கும் திரைச்சீலை.

"படத்துல நாத்தம் வராதுடி" என்றாள் மூக்கம்மா.

அப்பா லாரி எடுத்துக்கொண்டு போனால் வீடு திரும்பப் பத்து நாளாகும். ஆகவே ஒரு சனிக்கிழமை, அறை கிடைத்தால் அன்றே தங்கிவிடலாம் என்று துணிப்பையோடு அம்மாவும் மகளும் மட்டும் கிளம்பிப் போனார்கள்.

ரயிலடியில் தரகர் காத்திருந்தார். எதைக் கேட்டாலும் "சூப்பர் லொகேஷன்" என்பார். முதலில் காட்டிய அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. சுவர் வேர்த்து, சுண்ணாம்பு தோல் உரிந்து தொங்கியது. கட்டிலை ஒட்டியே சாக்கடை மூடி. அதன்மேல் வீட்டுக்காரரின் பையன் வெற்றுடம்போடு உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான். அறை பார்க்க வந்தவர்களைக் கண்டும் எழுந்திருக்கவில்லை, வெட்டிய நகத்தைக் கட்டில் பக்கமாகச் சுண்டினான்.

அடுத்தது ஒரு விடுதி. ஒரே கூடத்தில் மூன்றடுக்குக் கட்டில்கள், பன்னிரண்டு பெண்கள், ஒரு கழிப்பறை. மூக்கம்மா ஒரு மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். தையல் நெடுக மூட்டைப்பூச்சி, மிளகைக் கொட்டிவைத்த மாதிரி. தரகர் எட்டிப் பார்த்துவிட்டு, "கடலோரம்னா கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்மா" என்றார்.

"கடல்லேர்ந்தா ஏறி வருது?"

தரகர் முன்னால் நடக்கத் தொடங்கினார்.

மத்தியானம் கடலைப் பார்க்கலாம் என்று நடந்தார்கள். உணவகங்களின் பின்புறத்திலிருந்து ஒரு தடித்த குழாய் மணலுக்குள் இறங்கி, சாம்பல் நிறத்தில் நுரைத்துக்கொண்டு அலையில் கலந்தது. குழந்தைகளின் அணையாடைகள் உப்பிப்போய் ஒதுங்கிக் கிடந்தன. பத்தடி தள்ளி ஜனங்கள் அதற்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினால் குழாய் படத்தில் விழாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மகள் துப்பட்டாவால் மூக்கை மூடினாள். மூக்கம்மாவுக்கு அந்தக் குழாயைவிட அந்த முதுகுகள்தான் எரிச்சலைக் கிளப்பின.

மூன்றாவது வீட்டைப் பார்த்ததும் மகளின் முகம் மலர்ந்தது. வாசல் கழுவியிருந்தது. மாடியில் ஐந்து அறைகள், நான்கில் பெண்கள் இருந்தார்கள். ஐந்தாவதன் ஜன்னலைத் திறந்தால் நிஜமாகவே கடல் தெரிந்தது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், சலவைச் சட்டை, பின்னுக்கு வழித்துச் சீவிய முடி. பக்கத்தில் அவர் மனைவி, வாய் திறக்காமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"பொண்ணுங்க எல்லாம் என் பிள்ளைங்க மாதிரிதான்" என்றார் அவர். "பத்து மணிக்கு மேல கேட்டைத் திறக்க மாட்டேன். ஆம்பளைங்க யாரும் மாடி ஏற முடியாது. பெத்தவங்க நிம்மதியாத் தூங்கலாம்."

வாடகையும் மற்ற இடங்களைவிடக் குறைவு. மகள் அம்மாவின் முழங்கையைக் கிள்ளினாள். முன்பணத்தை எடுக்கப் பையில் கையை விட்ட மூக்கம்மா, "குளியலறைய ஒரு தடவை பாத்துடறேன்" என்றாள்.

தாழ்வாரத்தின் கோடியில் பொதுக் குளியலறை. தாழிட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் செய்வது போலவே ஓடுகளின் இடுக்கில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினாள். அழுக்கே இல்லை. இடுப்பு உயரத்தில் ஓரிடத்தில் நகம் உள்ளே போனது. குனிந்தாள். பென்சில் நுழையும் அளவு துளை. ஓட்டின் விளிம்பு சில்லுத் தெறிக்காமல் பதமாகத் துளைக்கப்பட்டிருந்தது. போன் விளக்கைப் பக்கத்தில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அந்தப் பக்கம் ஒரு சிறிய அறை. சுவரை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன்மேல் ஒரு மெத்தைத் திண்டு. நாற்காலியின் முதுகில் ஒரு கைக்குட்டை மடித்துப் போட்டிருந்தது.

கைக்குட்டையைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் ஏதோ ஊர்வது போல் இருந்தது.

வெளியே வந்தவள் கீழே போகவில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டி, நான்கு பெண்களையும் தாழ்வாரத்துக்கு அழைத்தாள். தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். அலறுவார்கள், அழுவார்கள் என்று நினைத்திருந்தாள். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரியும் ஆன்ட்டி" என்றாள் ஒருத்தி. "ரெண்டு மாசமா அங்க துண்டு தொங்கவிட்டுத்தான் குளிக்கிறோம்."

"தெரிஞ்சா இருக்கீங்க?"

"ஏழு வாரந்தான் இருக்கு, முடிச்சுட்டுப் போயிடுவோம். இந்த வாடகைக்கு வேற எங்க போறது? வீட்டுல சொன்னா, போதும் திரும்பி வாம்பாங்க. படிப்பு போயிடும்."

ஹோட்டல் சமையலறையில் பயிற்சி பெறும் பெண் ஒருத்தி இருந்தாள். கேக் அலங்காரம் கற்றுக்கொள்வதால் மற்றவர்கள் அவளைக் கேக்கு என்றே கூப்பிட்டார்கள். அவள் மட்டும் தரையைப் பார்த்தபடி, "வந்த மொதல் மாசம் எங்களுக்குத் தெரியாது ஆன்ட்டி" என்றாள்.

அப்போது மகள் அம்மாவின் காதருகில் வந்தாள்.

"அம்மா, நானும் துண்டு தொங்கவிட்டுக்கறேன். ஆறு மாசம்தானே."

மூக்கம்மா மகளைப் பார்த்தாள். ஒரு கணம், கண் இமைக்கும் நேரம்தான், அவள் மனசும் கணக்குப் போட்டது. தடித்த துண்டாக வாங்கிக் கொடுத்தால் போதுமே என்று ஒரு எண்ணம் வந்து நின்றது. அது தன் எண்ணம்தான் என்று உறைத்ததும் படியில் தடதடவென்று இறங்கி, தெருவோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். பிணவறையில் நின்றுகொண்டு தேநீர் குடித்தவள் அவள்.

வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது வீட்டுக்காரரின் மனைவி ஒரு சொம்புத் தண்ணீரோடு வாசலில் நின்றாள்.

மூக்கம்மா அதை வாங்கவில்லை. "மாடில குளியலறைக்குப் பின்னால ஒரு ரூம் இருக்கே, அதை யாரு கூட்டறது?" என்று கேட்டாள்.

அவள் சொம்பை வாசற்படியில் வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நீங்கதானா?"

"அவரு நல்லவருதாங்க" என்றாள் அவள், யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிற குரலில். "யாரையும் தொட்டதில்ல."

காவல் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "நீங்க அங்க குடியிருக்கலையேம்மா. குளிச்ச பொண்ணு யாராவது எழுதிக் கொடுக்கணும்" என்றாள். மூக்கம்மா திரும்பவும் மாடி ஏறினாள். மூன்று கதவுகள் திறக்கவே இல்லை. உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. கேக்கு மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தாள்.

"எழுதிக் கொடுத்தா என் பேரு வெளிய வருமா ஆன்ட்டி?"

"வரும்" என்றாள் மூக்கம்மா. "பொய் சொல்ல மாட்டேன்."

கேக்கு அவளுக்கு முன்னால் படியிறங்கினாள்.

சாயங்காலம் போலீஸார் அந்தச் சிறிய அறையின் பூட்டை உடைத்து, நாற்காலியையும் வீட்டுக்காரரின் போனையும் எடுத்துப் போனார்கள். அவர் சலவைச் சட்டை கசங்காமல் ஜீப்பில் ஏறினார். எதிர்வீட்டுக்காரர் ஒருவர் மூக்கம்மாவிடம் வந்து, "இதையெல்லாம் பெருசு பண்ணினா நம்ம ஏரியாவுக்கே யாரும் வர மாட்டாங்க, வாடகை விழுந்துடும்" என்றார். அவள் கேக்குவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தாள்.

மகளும் கேக்கும் அன்றே கயிறும் வலையும் விற்கும் ஒரு கடையின் மேல்மாடிக்குக் குடிபோனார்கள். தார் வாடை, தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான். கடைக்காரி எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவாள். மூக்கம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இருட்டுவதற்குள் தரையையும் சுவரையும் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் ரயில் ஏறினாள்.

ஒரு வாரம் கழித்துக் கேக்குவின் அப்பா ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். "என் பொண்ணு பேரை ஸ்டேஷன்ல எழுத வெக்க நீ யாரு?" என்று வார்டு வாசலில் நின்று கத்தினார். தப்பு செய்தவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூக்கம்மா பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்க பொண்ணு தைரியசாலி சார். வேற யாருக்கும் அந்தத் தைரியம் இல்ல, எனக்கே அன்னிக்கு ஒரு நிமிஷம் இல்ல" என்றாள். அவர் காலைத் தரையில் ஓங்கி மிதித்துக்கொண்டு போனார்.

மகள் ஆறு மாதத்தை முடித்தாள். அந்தப் பேர்போன அலுவலகத்தில் அவள் வரைந்த படம் ஒன்று வேறொருவர் பெயரில் வெளியானது; அவளுக்கு ஒரு சான்றிதழும் ஒரு பேனாவும் கிடைத்தன. வழக்கு இழுத்துக்கொண்டு போனது. ஒவ்வொரு தேதிக்கும் கேக்கு வேலை பார்க்கும் ஊரிலிருந்து வந்தாள். மூக்கம்மாவும் லீவு போட்டுக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த மற்ற மூன்று பெண்களில் ஒருத்திகூட எட்டிப் பார்க்கவில்லை. கூண்டில் ஏறிய கேக்கு, முதல் மாதம் தனக்குத் தெரியாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். மற்றதெல்லாம் ஒரே தடவை, திக்காமல் சொன்னாள்.

ஓராண்டு தண்டனை என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு போட்டுவிட்டு வீட்டுக்காரர் ஜாமீனில் வீட்டில்தான் இருக்கிறார். கேக்கு இதைப் போனில் சொன்னபோது மூக்கம்மா பெண்கள் வார்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானா ஆன்ட்டி?"

"அவ்வளவுதான்மா. சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"மொதல்ல சாப்பிடு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் தட்டை எடுக்கும் சத்தம் கேட்கும்வரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.