செக்கோ என்றான் என் மகன்

செக்கோ என்ற வார்த்தையை என் மகன் போனில் சொல்லித்தான் நான் அறிந்தேன். அவன் ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டி வேலைக்குப் போய், கடல் தாண்டி ஸ்பானிஷ் பேசும் நாட்டில் இருக்கிறான். சங்ககிரிப் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது லாரியிலோ போர்வண்டியிலோ இருப்பார்கள். ஆனால் அவ்வளவு தூரம் போனவன் இவன் ஒருவன்தான்.

"குழி போட்டுத் தண்ணி வரலைன்னா இங்க செக்கோம்பாங்கம்மா. காஞ்சுபோச்சுன்னு அர்த்தம். மொகங்குடுத்துப் பேசாத ஆளையும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றான்.

"அப்ப உங்கப்பாவும் செக்கோதான் சாமி" என்றேன். பக்கத்தில் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் காதில் அது விழுந்தது. தலை நிமிராமல் நறுக்கிக்கொண்டே இருந்தார். மகன் அங்கே விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்போதே எங்கள் பழைய குழி வற்றி, தென்னைகள் மட்டை தொங்க ஆரம்பித்திருந்தன. புதுக் குழி போடலாம் என்று மகன்தான் சொன்னான். "தண்ணி மட்டும் வரட்டும்மா. இந்த ஒப்பந்தம் முடிஞ்சதும் வந்தர்றேன். தோட்டத்தப் பாத்துக்கிட்டு ஊட்டோட இருந்துக்கறேன்."

தண்ணீர் வந்தால் பிள்ளை வருவான். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

எங்கள் பக்கம் அம்மனிடம் பூக்கேட்காமல் குழி போடமாட்டோம். பூசாரி அம்மன் தலையில் பூ வைப்பார். வலது பக்கம் விழுந்தால் உத்தரவு. இடது பக்கம் விழுந்தால் வேண்டாம் என்கிறாள். என் வீட்டுக்காரர் கைகூப்பி, "ஆத்தா, தோட்டத்துல குழி போடலாமா?" என்று கேட்டார். கேட்ட வாய் மூடவில்லை, பூ வலது பக்கம் விழுந்தது. நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

போர்வண்டி வந்தது. எலுமிச்சம்பழம் வைத்துத் தேங்காய் உடைத்தோம். மகனுக்கு அங்கே ராத்திரி. ஆனாலும் தூங்காமல் வீடியோவில் இருந்தான். நான் போனைக் குழிப்பக்கம் பிடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளைப் புழுதி கிளம்பித் தென்னை மட்டைகளில் படிந்தது. ஒவ்வொரு இரும்பு ராடும் குழிக்குள் இறங்கும்போதும் அம்மன் பேரைச் சொன்னேன். வண்டிக்காரர், "இன்னொரு ராடு போட்டுப் பாக்கலாமுங்க" என்பார். இவர் தலையாட்டுவார். பொழுது உச்சி தாண்டியும் ஈரம் என்பதே இல்லை. கடைசியில் இவரே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

இன்ஜின் சத்தம் அடங்கியதும் போனுக்குள் அவன் அறையில் இருந்த யாரோ அவனிடம் என்னவோ கேட்டது எனக்குக் கேட்டது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "செக்கோ" என்றான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"அம்மா, கம்பெனில ஒப்பந்தத்த நீட்டிக்கறயான்னு கேக்கறாங்க."

"செரி சாமி" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசாரியிடம் கேட்டேவிட்டேன். "ஆத்தா பூக் குடுத்தாளே, ஏனுங்க இப்படிப் பண்ணிட்டா?"

அவர் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். "போடலாமான்னுதானுங்கம்மா கேட்டீங்க. போடுன்னு சொன்னா. தண்ணி வருமான்னு நீங்க கேக்கவே இல்லையே."

வீட்டுக்கு வரும் வழியில் இவரிடம் அதைச் சொன்னேன். மொபெட்டை ஓரங்கட்டி நிறுத்தினார். "குழி போடறதே தண்ணிக்குத்தான புள்ள? அதத் தனியா வேற கேக்கோணுமா? அவளுக்குத் தெரியாதா?" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ரோட்டோரம் நின்றார். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

குழியின் வாய்மேல் கல் வைத்து மூடியிருக்கிறோம். தென்னைகள் ஒவ்வொன்றாகக் கொண்டை சாய்கின்றன. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை மட்டும் நான் விடவில்லை. பூசாரி கையில் பூவோடு, "ஏதாச்சும் கேக்கோணுமாங்கம்மா?" என்பார். என் மகன் ஊருக்கே திரும்பி வந்து எங்களோடு இருப்பானா என்று, ஒரு வார்த்தை விடாமல் மனதுக்குள் கூட்டி வைத்திருக்கிறேன். வாய்வரை வரும். இடது பக்கம் விழுந்துவிட்டால் அதற்கப்புறம் நான் எதை வைத்துக்கொண்டு இருப்பது?

"ஒன்னும் இல்லைங்க, கற்பூரம் மட்டும் காட்டுங்க" என்றுவிடுகிறேன்.