பெரட்டுக்குக் குரல் கொடுத்தவன்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். தேதி, நேரம் எல்லாம் என் லேப்டாப்பில் அப்படியே கிடக்கிறது. நானாகச் சேர்த்தது எதுவும் இல்லை. மறைத்து வைத்திருந்த ஒன்றையும் இதில் சொல்லிவிடுகிறேன்.

கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிய குடும்பம் என்னுடையது. அப்பா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்தவர். அங்கே விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பதைப் 'பெரட்டு' என்பார்கள். கச்சாலிலும் அதே பேர்தான். கங்காணி பேர் சொல்லிக் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராதவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. எவனாவது காய்ச்சலில் கிடந்தால், பக்கத்தில் நிற்பவன் இருட்டில் அவனுக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பான். அதை எங்களில் யாரும் தப்பாக நினைத்ததில்லை.

இப்போது போர்ட் பிளேரில், பத்துபஸ்தியில் இருக்கிறேன். இங்கேயும் என் வேலை பெரட்டு எடுப்பதுதான். ஆளை இல்லை, மெஷின்களை.

இன்டர்நெட்டில் தான் யார் என்று காட்டிக்கொள்ளாமல் போக நினைப்பவர்களுக்கு ஒரு வலை இருக்கிறது. அவர்கள் அனுப்புவது, யார் யாரோ வீட்டில் ஓடவிட்டிருக்கும் மெஷின்கள் வழியாகக் கைமாறிப் போகும். அந்த மெஷினுக்கு ரிலே என்று பேர். ஒரு ரிலே கெட்டதாக இருந்தால் ஒட்டுக் கேட்கும், வருகிற பக்கத்தை மாற்றும். எங்கோ ஒருத்தன் ஜெயிலுக்குப் போவான். அதனால் தினமும் ஒவ்வொரு ரிலே வழியாகவும் எனக்குத் தெரிந்த ஒரு பக்கத்தை வரவழைத்துப் பார்ப்பேன். எழுத்து மாறாமல் வந்தால் 'இருக்கு'. பதிலே வராவிட்டால் 'இல்லை' என்று எழுதி, அதை வைத்திருப்பவரைத் தேடிப்போய் என்ன ஆச்சு என்று பார்க்க வேண்டும். இது எங்கள் குழுவின் விதி.

அந்தச் சோதனைப் பக்கத்தில் நான் போட்டிருந்தது, அப்பாவோடு வேலை செய்த முப்பத்தோரு பேரின் பெயர்கள்.

மரைன் ஹில்லில் ஈஸ்வரன் ஒரு ரிலே வைத்திருந்தான். கச்சால்காரன். என்னோடு பால் வாளி தூக்கியவன். தனி ஆள். முப்பது நாள் விடாமல் ஓடினால் நம்பகமான ரிலே என்று எங்கள் குழு முத்திரை தரும். இரண்டு தடவை கரண்ட் போய் அவன் நாள் கணக்கு கெட்டுவிட்டது.

"இந்த வாட்டியும் போச்சுன்னா மெயின்லேண்ட் போயி ஆடு மேய்க்கிறேன், தம்பையா."

"ஆடுதான் உன்ன மேய்க்கும்."

"நக்கல வுடு. ஒரு நாள் விழுந்துச்சுன்னா நீ எனக்குக் குரல் குடுத்துரு மச்சான்."

"அரைப் பேர்தான் போடுவேன்."

தோட்டத்தில் அரை நாள் வேலைக்கு அப்படித்தான் சொல்வோம். சிரித்தான்.

போன டிசம்பர். அந்த மாதத்தில் இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.

செவ்வாய், 5:12. ஈஸ்வரனின் ரிலே பதில் தரவில்லை. போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. அன்றைக்கு இருபத்தாறாவது நாள். 'இருக்கு' என்று எழுதினேன்.

புதன், 5:12. பதில் இல்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. 'இருக்கு'.

வியாழன். போன் சுவிட்ச் ஆஃப். 'இருக்கு'.

வெள்ளி, 5:12.

டிக்.

பதில் வந்தால் லேப்டாப் போடும் சத்தம் அது. கரண்ட் வந்துவிட்டது போல என்று நினைத்தேன். அப்புறம் பதில் வர எடுத்த நேரத்தைப் பார்த்தேன். ஒரே ஊர் என்றாலும் பக்கம் நாலு நாடு சுற்றித்தான் வரும். அரை நொடியாவது ஆகும்.

பூஜ்யம் என்று இருந்தது.

பக்கத்தைத் திறந்தேன். முப்பத்தோரு பெயர். கீழே ஒரு வரி கூடுதல்.

இருக்கேன்.

விளையாடுகிறான்... பக்கத்தை மாற்றினால் அவன் ரிலேயைக் கெட்டது என்று நான் எழுதியாக வேண்டும். அது அவனுக்கும் தெரியும். 5:16-க்கு மறுபடி ரிலேயைக் கூப்பிட்டேன்.

டிக்.

இருக்கேன். இருக்கேன்.

5:19. மூன்று தடவை.

நான் பொய்யாகக் குரல் கொடுத்ததும் மூன்று நாள்தான்.

5:21. நான் கூப்பிடவில்லை...

டிக்.

முப்பத்திரண்டாவதாக ஒரு பெயர். தம்பையா. அதற்கு எதிரே, இருக்கேன்.

என் வீட்டிலும் ஒரு சின்ன ரிலே உண்டு. அதையும் இன்டர்நெட் பெட்டியையும் சுவரிலிருந்து பிடுங்கினேன். இரண்டின் விளக்குகளும் அணைந்தன.

டிக்...

ஆட்டோ பிடித்து மரைன் ஹில் போனபோது 5:50. வீட்டுக்காரர் ஜெகநாதன் டார்ச்சோடு வந்தார்.

"நாலு நாளா ஆளக் காணோம். கப்பல் ஏறிட்டான்னு நெனச்சேன்."

"வாடை வரலையாண்ணே?"

"மீனுன்னு நெனச்சேன்."

கதவை உடைத்தோம். கதவுக்கு இரண்டடி தள்ளி ஈஸ்வரன் கிடந்தான், கையைக் கதவுப் பக்கம் நீட்டியபடி. சுவரோரம் ரிலே கருகிப்போயிருந்தது. அறையில் கரண்ட் இல்லை.

பிறகு டாக்டர் சொன்னார். செவ்வாய்க்கிழமை ஷாக் அடித்துத் தூக்கி எறிந்ததில் முதுகெலும்பு உடைந்திருக்கிறது. உடனே சாகவில்லை. புதன் ராத்திரி வரை உயிர் இருந்திருக்கும்.

போன் மேஜை மேல் இருந்தது. நான் அடித்த மணி அவனுக்குக் கேட்டிருக்கும்.

செவ்வாயன்றே 'இல்லை' என்று எழுதியிருந்தால், விதிப்படி நான் போய்ப் பார்த்திருப்பேன். இதைப் போலீஸிடம் சொல்லவில்லை. அழவும் வரவில்லை.

பதினைந்து நாள் கழித்துச் சென்னையிலிருந்து அகிலா கூப்பிட்டாள். அவளுக்கும் இதே வேலை. தன் ரிலேயைத் தானே சோதிக்கக் கூடாது என்பதால் என்னுடையதை அவள்தான் பார்ப்பாள்.

"தம்பையாண்ணே, இந்த மாசம் உங்க ரிலேதான் ஃபர்ஸ்ட். ஒரு நொடிகூட விழல."

"அத அன்னிக்கே பிடுங்கிட்டேன்மா. திரும்ப மாட்டவே இல்ல."



"அப்ப உங்க சோதனைப் பக்கத்துக்குக் கீழ ஒரு வார்த்தை வருதே... அத நீங்க போடலயா?"

என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை.

ரிலே என் அலமாரியில்தான் கிடக்கிறது, ஒயர் சுற்றிய மேனிக்கு. அகிலாவின் கணக்கில் இன்றைக்கும் 'இருக்கு'.

பெரட்டில் வந்து நிற்பவனுக்காக இன்னொருத்தன் குரல் கொடுக்க மாட்டான். வராதவனுக்குத்தான் கொடுப்பான்.