வேலிக்கு அப்பால் எறிந்த கிலுகிலுப்பை

கறிவேப்பிலை ஒடிக்கப் போன விரல் மெத்தென்று எதன்மேலோ பட்டது. அடுத்த கணம் அந்த நாற்றம். எலுமிச்சம்பழம் அழுகினால் வருமே, அதைவிடக் கொஞ்சம் காரமாக. குனிந்து பார்த்தேன். பச்சைப் புழு ஒன்று தலையைத் தூக்கி, இரண்டு சிவப்புக் கொம்புகளை நீட்டி, என்னை மிரட்டிக்கொண்டிருந்தது. கொம்பிலிருந்துதான் நாற்றம். சோப்புப் போட்டுக் கழுவினேன், போகவில்லை. அது போகாது. ஐம்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் ஒரு வாரம் முழுக்கப் பத்து விரலிலும் இதே நாற்றத்தோடு நான் ஆபீஸில் பைல் கட்டியிருக்கிறேன்.

அப்போது திருவனந்தபுரத்தில் சர்க்கார் குமாஸ்தா உத்தியோகம். கரமனையில் ஒரு வீட்டின் பின்பாதியில் குடியிருந்தேன். அதோடு ஒட்டி நாலு பாய் விரிக்கிற அளவுக்குத் தோட்டம். என் மனைவி நாகர்கோவிலில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தாய் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வந்தாள். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் எங்கள் குடித்தனத்துக்கு நடுவே நாற்பது மைல் ரோடு கிடந்தது. ஓண விடுமுறைக்கு நான் அங்கே போவேன். கோடை விடுமுறைக்கு அவள் இங்கே வருவாள்.

வண்ணத்துப்பூச்சிகள் கல்வி இலாகாவின் விடுமுறைப் பட்டியலைப் படிப்பதில்லை. தை மாசம் வெயில் காய இரண்டு மூன்று மஞ்சள் வரும். மாசி பங்குனியில் அதுவும் இல்லை. மண் வெடித்து, செம்பருத்தி இலை சுருண்டு, தோட்டம் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சித்திரையில் அவள் பெட்டியோடு வந்து இறங்கும்போது புல்லில் நகக்கண் அளவு சாம்பல் பூச்சி நாலு தத்தும், அவ்வளவுதான். அப்புறம் வைகாசி நடுவில் இடவப்பாதி மழை. இரண்டு மாசம் ஓயாத தண்ணீர். பூச்சியெல்லாம் எந்த இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்குமோ தெரியாது. பள்ளிக்கூடம் திறந்து அவள் போய்விடுவாள். ஆவணியில் மழை விலகி ஈர மண்மேல் வெயில் விழும். அன்றைக்குத்தான் ஆரம்பிக்கும். எலுமிச்சையைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையும், செம்பருத்தியில் சிவப்பு வயிற்றுக் கறுப்பு, ஐப்பசியில் எங்கிருந்தோ கூட்டம் கூட்டமாக நீலக்கோடு போட்டவை. கார்த்திகை மழையில் கரைந்து மார்கழியில் முடிந்துவிடும். ஆக, அவள் இருக்கும்போது அவை இல்லை. அவை இருக்கும்போது அவள் இல்லை.

இந்த ஊருக்கு மாற்றல் கேள் என்று நான் அவளிடம் சொல்லவேண்டும். சொல்லவில்லை. ‘அங்க என்ன இருக்கு?’ என்று ஒரு தடவை அவள் கார்டில் கேட்டாள். ‘நான் இருக்கிறேன்’ என்பதுதான் பதில். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. வண்ணத்துப்பூச்சி இருக்கிறது என்று எழுதினேன். ஆவணி முதல் கார்த்திகை வரை வாரம் இரண்டு கார்டு. ‘இன்று எலுமிச்சையில் முப்பது. இன்று நூறுக்குக் குறையாது. நீலம் வந்துவிட்டது.’

பதிலும் கார்டில்தான் வரும். தபால் வரும் மத்தியானத்தில் நான் ஆபீஸில் இருப்பேன். வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர் திருநெல்வேலிக்காரர், சாலைக் கடைத்தெருவில் மிளகாய் மொத்தக் கடையில் முப்பது வருஷமாக நின்று பேச்சில் பாதி மலையாளமாகிவிட்டவர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிற அவர் கையில் தபால்காரர் கார்டைக் கொடுத்துவிட்டுப் போவார். சாயங்காலம் வேலியருகே நின்று அண்ணாச்சி என் தபாலை எனக்கே வாசித்துக் காட்டுவார்.

“சாரே, டீச்சரம்மா எழுதியிருக்கு. ‘பூச்சியை எண்ணுறதுக்குத்தான் சர்க்கார் சம்பளம் தருதா?’ன்னு. நல்ல சோத்தியம் அல்லவா?”

“குடுங்க அண்ணாச்சி.”

“இருங்க, கீழே ஒரு வரி உண்டு. ‘நான் வந்தப்போ ஒண்ணையும் காணல்ல. பொய் எழுதாதீங்க.’ சாரே, எனக்கு அவகாசம் இருந்தா நான் சாட்சி எழுதித் தருவேன், கேட்டோ.”

அந்த வருஷம் மொழிவாரியாக ராஜ்யம் பிரிக்கிற கமிஷனின் அறிக்கை பேப்பரில் வந்தது. நாகர்கோவில் அடங்கிய தெற்குத் தாலுகாக்கள் மதராஸோடு சேரப்போகின்றன என்று ஆபீஸில் எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது. கோடு விழுந்தால் நாகர்கோவில் டீச்சர் ஒரு ராஜ்யத்தின் உத்தியோகஸ்தி, கரமனைக் குமாஸ்தா இன்னொரு ராஜ்யத்தின் உத்தியோகஸ்தன். அப்புறம் மாற்றல் என்பதே கிடையாது. யாராவது ஒருவர் வேலையை விடவேண்டும், இல்லையென்றால் ஆயுசுக்கும் கோடை விடுமுறைக் குடித்தனம். அந்த நேரம் பார்த்துக் கார்டு வந்தது. ‘பூஜை லீவுக்கு வருகிறேன். உங்கள் நூறு பேரையும் வரிசையாக நிறுத்தி வையுங்கள்.’

நான் பதறிப்போனேன். அவள் முதல்முறையாகச் சரியான மாசத்தில் வருகிறாள். தோட்டமோ காடாகக் கிடக்கிறது. ஒரு வாரம் ஆபீஸ் விட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். வேலியோரம் இடுப்புயரம் வளர்ந்து மஞ்சளாய்ப் பூத்து, காற்றடித்தால் காயெல்லாம் கலகலவென்று ஒலிக்கிற கிலுகிலுப்பையை வேரோடு பிடுங்கி அண்ணாச்சி பக்கம் எறிந்தேன். எருக்கை வெட்டினேன். எலுமிச்சையையும் கறிவேப்பிலையையும் இலை இலையாகப் புரட்டி, பறவை எச்சம் போன்ற புழு, பச்சைப் புழு, ஒன்று விடாமல் பொறுக்கிச் சாம்பல் டின்னில் போட்டேன். கடைசியில் சந்தையிலிருந்து நாலு ரோஜாத் தொட்டி. புழுதான் வண்ணத்துப்பூச்சி ஆகிறது என்று எனக்குத் தெரியாமலில்லை. கார்டில் எழுதும்போது தெரியும். என் வீட்டு எலுமிச்சையில் தெரியவில்லை.

அவள் வந்தாள். மறுநாள் காலை இரவு மழை விட்டுப் பளிச்சென்று வெயில். தோட்டத்தில் நின்றாள். ரோஜாக்கள் நாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி விறைத்து நின்றன. ஒரு சிறகு கிடையாது.

“எங்க, உங்க நூறு பேரும்? லீவு போட்டுட்டுப் போயிட்டாவளா?”

“மேகம் மூடியிருக்குல்லா...”

“வெயிலு பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கு. மேகமாம்.” கறிவேப்பிலையைப் புரட்டிப் பார்த்தாள். “இதுல ஒரு புழுவைக்கூடக் காணமே?”

“எல்லாத்தையும் பொறுக்கிட்டேன். ஒரு டின்னு நிறைய.” பெருமையாகத்தான் சொன்னேன்.

என் கையை எடுத்து மோந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். “அட மனுசா! அதெல்லாம் பூச்சியாட்டு வரவேண்டியதுல்லா? என் மூணாங்கிளாஸ் பிள்ளையளு சொல்லுமே. மூணு வருசமாட்டு அதையே எழுதுன ஆளுக்குத் தெரியாதா?”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நாளை மறுநாள் அவள் பஸ் ஏறிவிடுவாள். புருஷன் பொய்யன் என்பது ருசுவாகிவிட்ட ஊருக்கு எவள் மாற்றல் கேட்பாள்?

அப்போது வேலிக்கு அப்பாலிருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார்.

“சாரே, ஒரு காரியம் பறையணும். கோபிக்கக்கூடாது. நீங்க இந்தப் பக்கம் எறிஞ்ச களை கிடக்கில்லே, அதுல ஒரே பூம்பாற்ற, உங்க பூச்சிதான். சல்யம். ஒரு வத்தல் காயப்போட முடியல்ல. உங்க குப்பையை நீங்களே வாரிக்கிடணும்.”

வேலி இடுக்கில் புகுந்து போனோம். நான் எறிந்த கிலுகிலுப்பை வாடிக் கறுத்துக் கிடந்தது. கறுத்தது செடி என்றுதான் முதலில் நினைத்தேன். குவியல் மூச்சு விட்டது. கறுப்புச் சிறகில் வெளிர்நீலக் கோடுகள், திறந்து, மூடி, திறந்து, அவசரமே இல்லாமல். தண்டு தெரியாத அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. பூவைத் தேடி வரும், தேனைத் தேடி வரும் என்று எத்தனை எழுதியிருப்பேன். அங்கே ஒரு பூ இல்லை. செத்த தண்டை நக்கிக்கொண்டு கள்ளுக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் மாதிரி கிடந்தன. கிட்டே போனாலும் எழுந்திருக்கவில்லை. பின்னால் நாலு ரோஜாத் தொட்டிகளும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன.

அவள் குந்தி உட்கார்ந்து எண்ணினாள். உதடு மட்டும் அசைந்தது. “நாப்பத்தெட்டு... சவம், அசையுது. அம்பது இருக்கும். நூறு கிடையாது.”

“அம்பதை நூறுன்னு எழுதுனதா?” என்றார் அண்ணாச்சி. “சாலையில அந்த மாதிரி நிறுத்தா எங்களைக் கட்டி வச்சு அடிப்பான் சாரே.”

“கிடக்கட்டும் அண்ணாச்சி. ரெண்டு நாளைக்கு இந்தக் குப்பையை வாராண்டாம்,” என்றாள் அவள். அவர் தலையிலடித்துக்கொண்டு வத்தலை முன்வாசலுக்கு எடுத்துப்போனார். அந்த இரண்டு நாளும் அவள் ரோஜாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. காப்பி டம்ளரோடு வேலி இடுக்கில்தான் நின்றாள்.

மாற்றல் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது குடைக்குள்ளிருந்து கேட்டாள்.

“மூணு வருசமாட்டு இவ்வளவு கார்டு எழுதுனேளே. ‘நீ வா’ன்னு ஒரு வரி எழுதினேளா?”

“அதுக்குத்தானே அத்தனை பூச்சியும்.”

“பூச்சின்னு எழுதுனா பூச்சின்னுதான் படிப்பாவ.”

“கார்டுல எப்படி எழுத? உங்க அப்பால்லா முதல்ல படிப்பாரு.”

“படிச்சாரே. ‘மருமவனுக்கு ஆபீசுல வேலையே கிடையாதா’ன்னு கேட்டாரு.”

நாகர்கோவில் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. பெட்டியைக் கொடுத்தேன். என் விரலில் இன்னும் அந்த நாற்றம் இருந்தது. பெட்டியின் கைப்பிடியிலும் ஒட்டியிருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் கைப்பிடியை மோந்து பார்த்தாள். கண்டக்டர் மணியடித்தார். பஸ் நகரும்போது தலையை வெளியே நீட்டிச் சொன்னாள்:

“மாத்தலுக்கு அப்ளிகேசன் எழுதிப் பெட்டிக்குள்ள வச்சிருக்கேன், கையெழுத்து மட்டும் போடல. நீங்க ஒரு வார்த்தை எழுதுங்க, போட்டுக் குடுத்திருதேன். பூச்சியைப் பத்தி ஒண்ணும் வேண்டாம். கேட்டேளா? கார்டும் வேண்டாம், கவரு!”