பில்லின் பின்பக்கம்

கூரை மேல் ஜிபார் நின்றாள். உள்ளே அடுப்பின் வாயருகே அம்மா வாளியோடு உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு கயிறு. கயிற்றின் முனையில் இரும்புக் குண்டு, அதற்குச் சற்று மேலே கம்பித் தூரிகை. புகைபோக்கிக்குள் இறக்கி நாலு தடவை ஏற்றி இறக்கினால் போன குளிர்காலத்துக் கரி முழுதும் கீழே கொட்டிவிடும். வருடத்துக்கு ஒரு முறை, செப்டம்பர் நடுவில், முதல் நிலக்கரி அடுப்பில் விழும் முன்பு.

அம்மாவின் குரல் புகைபோக்கி வழியாகவே மேலே வந்தது.

"மெதுவா விடுடி. செங்கல்லைப் பேத்துடாதே."

"பேக்கல."

"இன்னும் ரெண்டு வார்த்தை பேசினா இஞ்சினியரம்மா வாயில இருந்து முத்து உதிர்ந்துடுமோ?"

ஜிபார் கயிற்றை இழுத்தாள்.

"ஆத்தங்கரையில பாப்ளர் மரமெல்லாம் மஞ்சளாகத் தொடங்கிடுச்சு. ஞாயித்துக்கிழமை டீ போட சமோவாரைத் தூக்கிட்டுப் போலாமா?"

"சனிக்கிழமை பஸ்ஸும்மா. டியூட்டி இருக்கு."

"சரி." கீழே வாளியில் கரி கொட்டியது. பிறகு மறுபடியும் குரல். "இந்த வருஷம் முறைவிருந்து நம்ம வீட்டுலதான் தொடங்குது. ஆடு சொல்லியாச்சு. ஆனா ஆட்டோட ஊச்சாத் துண்டை மேசையில வைக்கப் போறதில்ல. நானே எடுத்துட்டுப் போய் ஒரு வீட்டுல குடுக்கணும்."

"ம்."

"யார் வீடுன்னு கேக்க மாட்டியா?"

"வாயில கரி போகுது. அப்புறம் சொல்லு."

அப்புறம் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து, மின்கட்டணச் சீட்டுகளைப் போட்டுக்கொண்டே போன அம்மா, ஒரு வீட்டு வாசலில் கதவு திறக்கும்வரை கொஞ்சம் உட்காரலாம் என்று உட்கார்ந்தாள். திறந்தவர்கள் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் மருத்துவர். வயது அறுபத்தொன்று.

புருல்சா என்று சொன்னால் நாரின் என்ற மலை நகரின் மேட்டுத் தெருக்களில் தெரியாதவர் கிடையாது. முப்பத்தோரு வருடம் வீடு வீடாக மீட்டர் பார்த்தவள். புருஷன் போனபோது ஜிபாருக்கு ஆறு வயது. அதற்கு மேல் அந்த வீட்டின் கதை என்று சொல்ல பெரிதாக ஒன்றும் இல்லை: மகளைப் படிக்கவைத்தாள், கூரைக்குத் தகரம் போட்டாள், தன் கால்வலியைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

ஆனால் செப்டம்பர் பிறந்துவிட்டால் அவள் வேறு ஆள். மற்ற மாதங்களில் மீட்டரில் எண்ணைப் பார்த்து, சீட்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறவள், இலையுதிர் மாதங்களில் மட்டும் ஒவ்வொரு சீட்டின் பின்பக்கத்திலும் பென்சிலால் இரண்டு வரி எழுதுவாள். வீட்டுக்கு வீடு வேறு வரி. மீட்டர் பார்க்க உள்ளே போகிறவளுக்கு அந்த வீட்டில் எது பழுது, எது குறை என்று தெரியாமல் இருக்குமா?

உருளைக்கிழங்கையும் ஆப்பிளையும் ஒரே நிலவறையில் வைத்திருந்த வீட்டுக்கு: "பிரித்து வையுங்கள். ஆப்பிள் பக்கத்தில் இருந்தால் கிழங்கு முளைவிடும்." புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு: "நிலக்கரியை ஆகஸ்டிலேயே வாங்கியிருக்க வேண்டும். இந்த வருடம் போகட்டும். அடுத்த வருடமாவது வெயில் அடிக்கும்போதே குளிரை நினையுங்கள்." மூன்று பையன்கள் இருந்த வீட்டுக்கு: "பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். இரண்டு அளவு பெரிதென்றால் பிள்ளை விழுவான்." ஜன்னல் இடுக்குக்கு மாவுப் பசையும் தாளும். பேசிக்கொள்ளாத கணவன் மனைவிக்கு: "வாரத்தில் ஒரு நாள் டிவியை அணைத்துவிட்டு வால்நட் உடையுங்கள். சீட்டு விளையாடுங்கள். தோற்றவர் பாத்திரம் கழுவட்டும்."

ஒரு முறை புதிதாக வந்த மேலதிகாரி, அலுவலகத் தாளில் இப்படிக் கிறுக்கக் கூடாது என்றார். அந்த அக்டோபரில் நாற்பது பேர் அலுவலகத்துக்கு வந்து நின்றார்கள். பில் பாதிதான் வந்திருக்கிறது, மீதி எங்கே என்று கேட்டார்கள். அதிகாரி அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

ஜிபாருக்குச் சீட்டு கிடையாது. அவள் இருந்தது பத்து மணி நேரப் பயணத்தில், ஆற்றின் கீழ்ப்பகுதி அணைக்கட்டு ஊரில். மின்நிலையத்தில் பாதுகாப்பு ரிலேக்கள் அவள் பொறுப்பு. எங்கே பழுது வந்தாலும் மின்னோட்டத்தை எத்தனை மில்லி வினாடியில் துண்டிக்க வேண்டும் என்பதை அமைப்பது அவள் வேலை. அவளுக்கு அம்மா போனில்தான் சொல்வாள்.

"ஜன்னலை அடைச்சியா?"

"அடைச்சுக்கறேன்."

"அடைச்சியான்னு கேட்டா, அடைச்சுக்கறேங்கற. இலை கொட்டறதுக்குள்ள ஒரு நாள் வெளியே எங்கயாவது போ. தேதி குறிச்சு வெச்சா நீ போகமாட்ட. சும்மா கிளம்பிப் போயிடு."

"சரிம்மா. வைக்கட்டுமா?"

துண்டிப்பதில் அவள் திறமைசாலி. ஆறு வருடமாக எந்த இலையுதிர்காலத்திலும் அவள் எங்கும் உலாவப் போகவில்லை. இப்போது போன் ஒலித்தால் திரையில் வேறு பெயர். அக்டோபர் முழுக்க, அடுக்குமாடியில் ஏழாவது மாடியில், ஜன்னலை அடைக்காமலே வைத்திருந்தாள். யாராவது கேட்கட்டும் என்று. யாரும் கேட்கவில்லை. குளிர்தான் வந்தது.

அம்மாவை அடக்கம் செய்த அன்று, முற்றத்தில் போட்ட கூடாரத்துக்குள் மகள்தான் ஒப்பாரி வைத்திருக்க வேண்டும். ஜிபாருக்குத் தொண்டையில் ஒன்றும் எழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கதவருகே இருந்து ஒரு கிழவியின் குரல் எழுந்தது. புருல்சாவைத் தங்கை என்று கூப்பிட்டு, அவள் நடந்த தெருக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதது. அது கலிச்சா பெரியம்மா, மேல்தெருக்காரி. அழுது முடித்துவிட்டு ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். ஏன் என்று ஜிபார் அப்போது யோசிக்கவில்லை.

நவம்பர் நாலாம் தேதி நாற்பதாம் நாள் சோறு. ஜிபார் ஒரு வாரம் விடுப்பு எடுத்து வந்திருந்தாள். கணக்கு எளிது: சோறு போடுவது, குழாய்களில் தண்ணீரை வடிப்பது, வீட்டைப் பூட்டுவது, பஸ் ஏறுவது. ஆளில்லாத வீட்டில் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும்.

காலையிலேயே பக்கத்து வீட்டுத் தெமிர் வந்தார். முற்றத்தில் நின்று தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"குளிர்காலக் கறிக்கான குதிரை விஷயம்மா. முன்னே நாலு வீடு சேர்ந்து ஒண்ணு வெட்டுவோம். ரெண்டு வருஷமா மூணு வீடு. இப்போ..."

"நான் இங்கே இருக்க மாட்டேன் பெரியப்பா."

"அப்போ ரெண்டு வீடு. ரெண்டு வீடு சேர்ந்து ஒரு குதிரையைத் தாங்க முடியாது. முறைவிருந்தும் அவ்வளவுதான். உங்கம்மா இழுத்துப் பிடிச்சு வெச்சிருந்தா." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "சரி, நான் இன்னிக்குச் சோத்துக்கான ஆட்டைப் பாக்கறேன்."

முறைவிருந்து என்றால், அக்டோபரிலிருந்து மார்ச் வரை நாலு வீட்டுக்காரரும் முறை வைத்து ஒருவர் வீட்டில் ஒருவர் கூடிச் சாப்பிடுவது. வருகிறவர்கள் பேசிவைத்த தொகையை விருந்து போடுகிறவர் கையில் வைத்துவிட்டு வருவார்கள். முதல் முறை பெரும்பாலும் யார் வீட்டில் அதிக முடையோ அவர்களுக்கு. நிலக்கரிக்கு ஆகும். அதை வெளியே சொல்லாமல் சீட்டுக் குலுக்கியதுபோல அமைத்துக்கொடுப்பது புருல்சாவின் வேலை.

மதியம் அடுப்படியில் தெமிரின் மனைவி பாத்மா எலும்புகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். எந்த எலும்பு யாருக்கு என்பதில் பிசகக் கூடாது. தொடை எலும்பு மூத்த ஆணுக்கு. வாலோடு சேர்ந்த இடுப்புத் துண்டு, ஊச்சா, வந்திருக்கும் பெண்களில் மூத்தவளுக்கு. ஊச்சாவைத் தட்டில் வைத்துவிட்டு பாத்மாவின் கை அப்படியே நின்றது.

"என்ன பெரியம்மா?"

"இதாலதான் எல்லாம் வந்துது."

"எதால?"

பாத்மா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன் இதே வீட்டில் முறைவிருந்து. புருல்சாவின் கையில் ஊச்சா. பாத்மாவும் கலிச்சாவும் பக்கத்தில் பக்கத்தில். யார் மூத்தவள்?

"கரன்ட் பில்லுல முதியோர் சலுகை லிஸ்டை உங்கம்மாதானே எழுதிட்டிருந்தா? அதுல கலிச்சாவுக்கு என்னைவிட ஒரு வயசு கம்மி. அதை மனசுல வெச்சுக்கிட்டு என் முன்னால வெச்சுட்டா. ஆனா அந்தக் காலத்துல மலை மேல பொறந்த குழந்தையை யாரு உடனே பதிஞ்சாங்க? மூணு வருஷம் கழிச்சுக் கீழே இறங்கி வந்தப்போதான் பதிஞ்சாங்க. கலிச்சா என்னைவிட ரெண்டு வயசு மூத்தவ. எனக்குத் தெரியும். ஆனா தட்டு வந்துடுச்சு, எல்லார் கண்ணும் என் மேல. நான் வாயை மூடிக்கிட்டேன்." பாத்மா இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்தாள். "அவ எழுந்தா. 'புருல்சா, உன் லிஸ்டுல கரன்டுதான் ஓடும், என் வயசு ஓடாது'ன்னா. போயிட்டா. குதிரைப் பங்கும் வேண்டாம்னுட்டா."

"அம்மா மன்னிப்புக் கேக்கலையா?"

"வாயால கேட்டா ஆச்சா? பத்துப் பேர் முன்னால கீழே இறக்கினதை, வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொன்னா ஏத்திட முடியுமா? அடுத்த ஆடு நம்ம வீட்டுல வெட்டும்போது ஊச்சாவைச் சுடச்சுட எடுத்துட்டு அவ வீட்டுக்கே போறேன்னு சொல்லிட்டு இருந்தா. போன வருஷம் தயங்கியே விட்டுட்டா, இந்த வருஷம் முதல் முறையே உங்கம்மாவோடது."

ஜிபார் தட்டைப் பார்த்தாள். கூரையில் நின்ற நாள். கயிறு. யார் வீடுன்னு கேக்க மாட்டியா?

"கலிச்சா பெரியம்மா வந்திருக்காங்களா?"

"கதவுப் பக்கமா உக்காந்திருக்கா."

"அப்போ அவங்க முன்னாலயே வெச்சுடலாம்."

"வேண்டாம் கண்ணு. சாவுச் சோத்துல யாரும் மறுக்க முடியாது. கட்டாயப்படுத்தினதா ஆயிடும். உங்கம்மாவே அவ வீட்டுக்குக் கொண்டுபோறேன்னுதான் சொன்னா."

ஊச்சா அடுப்போரத்தில், மூடி போட்ட பாத்திரத்தில் இருந்தது. பெண்கள் பந்தியில் மூத்தவளுக்கு உரிய தட்டு போகாததை எல்லோரும் கவனித்தார்கள். யாரும் கேட்கவில்லை. கலிச்சா ரொட்டியை மட்டும் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். ஓதி முடித்துக் கிளம்பும்போது ஜிபாரின் கையைப் பிடித்தாள். சுருங்கிய, காய்ந்த கை.

"ரெண்டு வருஷமா வெறும் பில்லு போட்டுட்டுப் போனாடி உங்கம்மா. பின்பக்கம் திருப்பித் திருப்பிப் பாப்பேன். ஒண்ணும் இருக்காது. இந்தத் தடவையும் வெறும் தாள்தான். என்னைத் திட்டியாவது ரெண்டு வரி எழுதியிருக்கலாம்."

சொல்லிவிட்டுத் தடியை ஊன்றிப் போய்விட்டாள்.

பாத்திரம் கழுவி முடிந்தது. ஜிபார் குழாயை வடிக்கக் குறடு தேடினாள். குறடு கதவுக்குப் பின்னால், அம்மாவின் கோட்டு மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே இருந்தது. கோட்டோடு தோள்பை. அன்று வாசலிலிருந்து எடுத்து வந்தவர்கள் இரண்டையும் அப்படியே மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதைத் தொட அவளுக்குத் துணிவு வரவில்லை. குறட்டுக்குக் கை நீட்டியபோது பை நழுவி விழுந்தது.

போடாமல் மிச்சமிருந்த சீட்டுகள், ரப்பர் கட்டு போட்டு. அலுவலகம் மறுநாளே நகல் அச்சடித்து வேறொருத்தியிடம் கொடுத்து அனுப்பிவிட்டது. இவை அம்மா கையால் போட வைத்திருந்தவை. தெருவின் வரிசையில் அடுக்கியிருந்தாள். முதல் சீட்டு, அவள் உட்கார்ந்த அந்த வாசல். அடுத்தது ஒரு வீடு. அடுத்தது இன்னொன்று. நாலாவது கலிச்சாவுடையது.

ஜிபார் திருப்பினாள்.

"கலிச்சா அக்கா, என் லிஸ்ட் தப்பு. நீங்கள் மூத்தவர். இந்த வருடக் குதிரையில் உங்கள் பங்கைக் குறித்து வைத்திருக்கிறேன். ஆடு வெட்டிய அன்று வருவேன். தேநீருக்குத் தண்ணீர் வையுங்கள். உங்கள் வடக்கு ஜன்னலில் காற்று வருகிறது, பசையும் கொண்டுவருகிறேன்."

பென்சில் எழுத்து ஓரிடத்தில் மங்கியிருந்தது. இன்னும் மூன்று வாசல்தான் இருந்தது. ஒரு வாசலுக்கு நாற்பது அடி வைத்தாலும் நூற்றிருபது அடிதான். ஜிபார் இன்னும் மூட்டப்படாத கணப்பு அடுப்பின் முன் உட்கார்ந்தாள். அடுப்பின் வாயைத் திறந்து, கழுத்தை நீட்டிப் புகைபோக்கிக்குள் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. மேலே கையகல வானம்.

"யார் வீடும்மா?" என்றாள் அதற்குள்.

அப்போதுதான் தொண்டை திறந்தது. எவ்வளவு நேரம் அழுதாள் என்று அவள் பார்த்துக்கொள்ளவில்லை.

எழுந்து முகம் கழுவினாள். குழாய் இன்னும் வடிக்கப்படவில்லை, தண்ணீர் வந்தது. குறட்டை ஆணிக்குக் கீழேயே விட்டாள். வேலியருகே போய்க் கூப்பிட்டாள்.

"தெமிர் பெரியப்பா!"

"என்னம்மா?"

"குதிரையை நாலு வீட்டுக்குப் பாருங்க. வெட்டற அன்னிக்கு நான் வந்துடறேன். சனி ஞாயிறா வெச்சுக்கங்க."

வேலிக்கு மேலே தெமிரின் தொப்பி எழும்பியது. பிறகு, "நாலா? நாலாவது யாரு?"

"சொல்றேன். கேட்டுட்டு வந்து சொல்றேன்."

உள்ளே வந்து ஊச்சாவைக் குழம்போடு சூடாக்கினாள். ஒரு கிண்ணத்தில் மாவைக் கரைத்துப் பசை காய்ச்சினாள். அம்மா அளவு சொல்லித் தந்ததில்லை, கண்ணளவாகத்தான் போட்டாள். கட்டி தட்டியது, கரண்டியால் நசுக்கினாள். பழைய நாளிதழை நீள நீளமாகக் கிழித்தாள். பாத்திரத்தைத் துணியில் கட்டி, பசைக் கிண்ணத்தை இன்னொரு கையில் எடுத்து, சீட்டைக் கோட்டுப் பையில் வைத்தாள். அம்மாவின் கோட்டு. தோளில் கொஞ்சம் இறுக்கம்.

தெருவில் பாப்ளர் மரங்கள் முழுக்க மொட்டை. இலைகளெல்லாம் சாக்கடையோரம் நனைந்து கிடந்தன. மேல்தெருவில் திரும்பினாள். அம்மா உட்கார்ந்த வாசலைத் தாண்டினாள், நிற்கவில்லை. அடுத்த வாசல். அதற்கடுத்தது. மேலே கலிச்சா வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. வடக்கு ஜன்னலில் திரை ஆடிக்கொண்டிருந்தது, ஜன்னல் சாத்தியிருந்தும்.

இரண்டு கையிலும் சாமான். கதவைத் தட்டக் கை இல்லை. பூட்ஸ் முனையால் மெல்ல இரண்டு தட்டு தட்டினாள்.

"யாரது?"

"புருல்சா மகள், பெரியம்மா. அம்மா ஒரு பில்லு போடாம விட்டுட்டாங்க."