மழையில்லாமல் முளைத்த காளான்

போன கோடையில், நாகலாபுரத்துக் கரிமூட்டத்து வேலையை விட்டுவிட்டு எப்போதும்வென்றான் ஊரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். புகையும் ஒத்துக்கொள்ளவில்லை, முதலாளியும் ஒத்துவரவில்லை. பிடிக்கவில்லையென்றால் நடையைக் கட்டிவிடுவேன். அதுதான் என் வழக்கம்.

வழியில் ஒரு பட்டறை பூட்டிக் கிடந்தது. பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கிய இடம். அதன் பின்னால் ஓடையில், வைக்கோல் அடைத்த சாக்குகளை ஈரமாக அடுக்கியிருந்தார்கள். சாக்கு ஓட்டைகளில் கொத்துக் கொத்தாக வெள்ளைக் காளான். சுற்றிலும் கயிறு, ‘தொடாதீர்’ என்று பலகை. காளானுக்கு இவ்வளவு காவலா என்று நினைத்துக் கயிற்றைத் தாண்டித் துண்டு நிறையப் பறித்தேன். காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை.

அடுத்து வந்த வீட்டில், ஆக்கித் தந்தால் பாதிப் பாதி என்றேன். அந்த அம்மா துண்டைப் பிரித்துப் பார்த்தார்.

“மழையே இல்ல. காளான் எங்கன முளைச்சுது அண்ணாச்சி?”

“ஓடக்கரையில” என்றேன்.

அவர் உள்ளே திரும்பி, “ஏட்டி, நீ கேட்டுக்கிட்டே கெடந்தியே, வந்திருக்கு பாரு” என்றார். பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, “சாமி அனுப்பின ஆளு போல” என்று சிரித்தாள்.

காளானைக் கொடுத்துவிட்டு, வெறுந்துண்டோடு நான் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். மொபெட்டில் ஒருவர் வந்து நின்றார்.

“சாக்குல இருந்த காளானப் பறிச்சிட்டுப் போன ஆள எங்கனயாவது பாத்தியளா?”

“பாக்கலியே.”

“காலேஜ்காரவிய வச்சிருக்காவ. மண்ணுல உள்ள ஈயத்த அந்தக் காளான் உறிஞ்சிக்கிடும். மண்ணு சுத்தமாவும், காளான் விஷமாயிரும். எந்தப் பாவி திங்கப் போறானோ!”

அவர் போய்விட்டார். உள்ளேயிருந்து தாளிப்பு வாசம் வந்தது. இதை எழுதவே கூசுகிறது: அப்போது எனக்கு முதலில் தோன்றியது எழுந்து நடந்துவிடலாம் என்பதுதான். துண்டை உதறித் தோளில்கூடப் போட்டுவிட்டேன்.

“எம்மா, ஒரு துண்டு தாயேன், உப்புப் பாக்கேன்” என்று மகளின் குரல் கேட்டது.

உள்ளே ஓடினேன். கரண்டி அவள் கைக்குப் போயிருந்தது. தட்டிவிட்டேன். குழம்பு தரையெல்லாம் சிந்தியது. கயிறு, பலகை, ஈயம், நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். செருப்படி விழும் என்றுதான் நின்றேன்.

அந்த அம்மா மகளின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அவள் இன்னும் தின்னவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீரு தின்னீரா?”

இல்லையென்று தலையாட்டினேன். அவர் சிந்தியதைத் துடைத்தார். சட்டியை வெளியே எடுத்துப்போய் மூடி வைத்துவிட்டு, எனக்கு ரசஞ்சோறு போட்டார். சாப்பிட முடியவில்லை என்று எழுதினால் அது பொய். தலையைக் குனிந்துகொண்டு முழுவதும் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் அந்தச் சட்டியோடு ஓடைக்குப் போய், மொபெட்காரரிடம் பறித்தது நான்தான் என்றேன். வாயில் வந்தபடியெல்லாம் திட்டினார். பிறகு, “நின்னு காவக் காக்கியா?” என்றார். சாக்கில் காளான் தலைகாட்டியதும் பறித்து, மூடிபோட்ட டிரம்மில் போட்டுப் பூட்ட வேண்டும். யாரும் கயிற்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் அங்கேதான் இருக்கிறேன். நடையைக் கட்டலாம் என்று தோன்றும்போதெல்லாம், அன்று துண்டை உதறித் தோளில் போட்டது நினைவுக்கு வந்து என்னை உட்கார வைத்துவிடுகிறது.