புகைக்கும் முறை வைத்தோம்

போன வருஷம் தை மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம். திருப்பனந்தாளிலிருந்து உள்ளே தள்ளி, மண்ணியாற்றுப் பாசனத்தில் இருக்கிறது எங்கள் ஊர். கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கக் கொல்லைக்குப் போயிருந்தேன். நாலைந்து வயல் தள்ளி யாரோ வைக்கோலுக்கு நெருப்பு வைத்திருந்தார்கள். சம்பா அறுப்பு முடிந்ததும் வருஷா வருஷம் நடக்கிறதுதான். ஆனால் அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். புகை மேலே போகவே இல்லை. இடுப்பு உயரத்துக்கு மேல் எழும்பாமல், வெள்ளையாக, மெதுவாக வரப்பைத் தாண்டி அடுத்த வயலில் இறங்கியது. அது நிரம்பியதும் அதற்கடுத்த வயலுக்கு வழிந்தது. ஆற்றில் தண்ணீர் விட்டதும் காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் ஊர்ந்து வருமே, அதே மாதிரி.

'இது தண்ணி மாதிரியே வருதே' என்று நான் நினைத்த நிமிஷம், உள்ளேயிருந்து அண்ணி இருமுகிற சத்தம் கேட்டது. துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அண்ணிக்கு அப்போது எட்டாம் மாதம். சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். வீட்டில் அப்பா, அம்மா, அண்ணி, நான். அன்று நானும் அம்மாவும் போவதற்குள் அண்ணி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். பேச வரவில்லை. தோள் ஏறி ஏறி இறங்கியது. கார் பிடித்துக் கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குப் போய், மூக்கில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்த பிறகுதான் முகத்தில் ரத்தம் வந்தது. அங்கிருந்த டாக்டரம்மா அம்மாவைப் பார்த்துச் சொன்னார்கள்:

"மருந்து நான் தரேன். காத்து நீங்கதான் தரணும். வயித்துல இருக்கறதுக்கும் சேத்துத்தான் இவங்க மூச்சு விடறாங்க, ஞாபகம் வச்சுக்குங்க."

வழியெல்லாம் அம்மாவுக்கு ஒரே யோசனை. திருவாரூர் பக்கம் அண்ணியின் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று கேட்டாள். அண்ணிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"அங்க மட்டும் என்ன அத்தை, கொடைக்கானலா? அதே நெல்லு, அதே மெஷினு, அதே புகை."

நான் இயற்பியல் படித்தவள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்ற பெயரில் வீட்டில் இருக்கிறவள். கைக்கு ஒரு வேலை கிடைத்தால் தேர்வாவது ஒன்றாவது. மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன். புகை தண்ணீர் மாதிரி வருகிறது என்றால் தண்ணீரை என்ன செய்வோம்? மடையை அடைப்போம். அவ்வளவுதானே.

எங்கள் வீட்டுக் கூடம் ஓடு போட்டது. அதை அடைப்பதும் சல்லடையை அடைப்பதும் ஒன்று. பின்னறை மட்டும் தளம் போட்டது. அதை எடுத்துக்கொண்டேன். ஜன்னல் இடுக்குகளில் அகலமான பிளாஸ்டர் ஒட்டினேன். கதவுக்கடியில் பழைய புடவையைச் சுருட்டி நனைத்து வைத்தேன். புகையை வடிகட்டும் மெஷின் விலையைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன். ஆனால் அதற்குள் மாட்டுகிற ஃபில்டர் மட்டும் தனியாக ஆன்லைனில் கிடைத்தது. அதை வரவழைத்து, ஒரு அட்டைப்பெட்டியில் துளை போட்டுப் பொருத்தி, எதிர்ப்பக்கம் டேபிள் ஃபேனை வைத்து, இடுக்கெல்லாம் ஒட்டி ஓடவிட்டேன். காற்று ஃபில்டர் வழியாகத்தான் உள்ளே இழுபட்டாக வேண்டும், வேறு வழி கிடையாது.

அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கோழிக்குஞ்சு பொரிக்கப் போறியா?" என்றார்.

"பேரப்புள்ள பொரிக்கப் போறேன்" என்றேன்.

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்தடுத்த சாயங்காலங்களில் எங்கேயாவது புகை கிளம்பும். அண்ணியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவேன். பெட்டி ஓடும். ஃபேன் சூடாகிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வேன். வெள்ளையாக வந்த ஃபில்டர் சீக்கிரமே சாம்பல் நிறத்துக்கு மாறியது. அதை அண்ணனுக்கு வீடியோவில் காட்டினேன். அவன் இன்னும் கிட்டே காட்டச் சொன்னான். இத்தனை நாள் இதையெல்லாம் நாம்தானே உள்ளே இழுத்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்திருப்பான்.

வெள்ளிக்கிழமை வந்தது. புகை வாடை எட்டிப் பார்த்ததும் வழக்கம்போல் அண்ணியை உள்ளே அனுப்பிவிட்டுத் தண்ணீர் எடுத்துவரப் போனேன். திரும்பி வந்தால், அடைத்த அறைக்குள் அண்ணி இருமிக்கொண்டிருக்கிறாள். கட்டிலைச் சுற்றி மேகம். நடுவே அம்மா, கையில் தூபக்காலோடு சாம்பிராணி காட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா, என்ன பண்ற?"

"வெளக்கு வச்ச நேரத்துல புள்ளத்தாச்சி இருக்கற ரூமு. சாம்பிராணி காட்டாம எப்படிடி? அது கெட்ட புகை, இது நல்ல புகை."

"இவ்ளோ கஷ்டப்பட்டு நான் மடையை அடைச்சு வச்சிருக்கேன். நீ உள்ளயே ஊத்து தோண்டுறியே!"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் அண்ணி இருமுவதைப் பார்த்ததும் தூபக்காலைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கே போய்விட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாமிக்கு வாசலில்தான் சாம்பிராணி. கொசுவர்த்தியும் போய் வலை வந்தது. தாளிக்கும்போது அடுப்படிக் கதவு சாத்தி, கொல்லை ஜன்னல் திறந்திருக்கும். நான் சொல்லி இல்லை, அம்மாவே செய்தாள். வெளியிலிருந்து வரும் புகையைத் தடுக்க அவ்வளவு பாடுபடுகிற நாம் உள்ளே இருப்பதை எண்ணுவதே இல்லை. அது எனக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது.

அறை சரி. ஆனால் மனுஷி எவ்வளவு நேரம் அடைந்து கிடப்பாள்? புழுக்கம் வேறு. புகை எப்போது வரும் என்று தெரிந்தால், மற்ற நேரமெல்லாம் ஜன்னலைத் திறந்து போடலாம். அதைத்தான் யாரும் சொல்லமாட்டார்கள். எங்கள் ஊரில் தண்ணீருக்கு முறை உண்டு. இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல் என்று முன்கூட்டியே பேசிவைத்துத்தான் மடை திறப்பார்கள். முறை தப்பினால் பெரிய சண்டையே நடக்கும். அந்தத் தண்ணீர் மாதிரியே வருகிற புகைக்கு மட்டும் ஏன் முறை இல்லை?

அப்பாவைக் கூட்டிக்கொண்டு மதகடிக்குப் போனேன். சாயங்காலம் ஆனால் ஊரின் பாதி விவசாயம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். எங்கள் கொல்லைக்குப் பின்னால் எங்கள் வயல், ஒரு வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் வயல். அப்பாவுக்குப் பங்காளி முறைத் தம்பி அவர். அவரும் அங்கே இருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"எரிக்காதேன்னு சொல்ல வந்தியா பாப்பா? அறுக்குற நேரத்துல மழை பேஞ்சு வைக்கோல் கறுத்துப் போச்சு. மாடு திங்காது. கட்டு கட்டுற வண்டிக்காரன் எட்டிக்கூடப் பாக்கல. மாசியில பருத்தி ஊனணும். நீ வந்து அள்ளிக்கிட்டுப் போறியா?"

"எரிக்காதீங்கன்னு இப்ப சொல்லல சித்தப்பா. என்னைக்குன்னு மொத நாளே சொல்லிடுங்க. ஒரே நேரத்துல ரெண்டு வயல் வேணாம். சாயங்காலம் மட்டும் வேணவே வேணாம்."

சாயங்காலம் என்றதும் எல்லோருமே எதிர்த்தார்கள். அதற்கும் நியாயம் இருந்தது. காற்று அடங்கின பிறகு கொளுத்தினால்தான் பக்கத்தில் அறுக்காத வயலுக்கு நெருப்புத் தாவாது. காலங்காலமாகச் செய்கிற பத்திரம் அது. ஆனால் காற்று அடங்கி, பனி இறங்கி, தரை குளிர்ந்துவிட்டால் புகை எழும்ப முடியாமல் அப்படியே வீடுகளுக்குள் படுத்துக்கொள்ளும். வயலைக் காப்பாற்றுகிற நேரமே தெருவைக் கெடுக்கிற நேரம். இப்போது சுற்றிலும் அறுப்பே முடிந்துவிட்டதே, நல்ல வெயிலில், ஆள் நின்று, மருந்தடிக்கிற டேங்கில் தண்ணீரோடு காவல் இருந்து செய்தால் என்ன என்று கேட்டேன்.

"நாளைக்குக் கொசுவுக்கும் முறை வைப்பா இவ" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான்.

சிரிக்காதவர் அப்பா ஒருவர்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மொத முறை என்னோடது" என்றார். "என் வயலு என் கொல்லைய ஒட்டித்தான் இருக்கு. என் மருமவதான் மாசமா இருக்கா. நானே நாளை மத்தியானம் வைக்கிறேன். சரியா வந்தா எல்லாரும் முறைக்கு வாங்க."

சரி, பார்க்கலாம் என்று எல்லோரும் எழுந்தார்கள். எனக்குத்தான் பயம். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். உன் பெட்டி மேல் உனக்கே நம்பிக்கை இல்லையா என்று என்னையே கேட்டாள்.

மறுநாள் வெயில் நன்றாக ஏறியதும் அப்பா ஒரு மூலையில் நெருப்பு வைத்தார். அண்ணி பின்னறையில். கதவுக்கு வெளியே அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒருவரையும் திறக்க விடவில்லை. நான் கொல்லையில் நின்று புகையைப் பார்த்தேன். நேரே மேலே போனது. கொஞ்சம் சாய்ந்தது, மறுபடி எழும்பியது. எங்கள் ஓட்டுக்கு மேல் உயரத்தில் கடந்து கலைந்தது. வாடையே வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அண்ணி ஒரு தடவைகூட இருமவில்லை. எல்லாம் அடங்கியதும் ஜன்னல்களைத் திறந்தோம். மதகடியில் அப்பாவைச் சுற்றி முறை கேட்டு ஆள் நின்றதாகக் கேள்விப்பட்டபோது, ஏதோ தேர்வில் முதலிடம் வந்த மாதிரி இருந்தது.

அன்றைக்கே முறையும் திருடு போனது.

சாயங்காலம். அண்ணி கொல்லைக் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து, கொய்யா தின்றுகொண்டிருந்தாள். வரப்பில் யாரோ ஓடி வருவது தெரிந்தது. சித்தி. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு கையை வீசி வீசி வருகிறாள்.

"உள்ள கூட்டிக்கிட்டுப் போடி அவள! எங்க வீட்டு ஆளு நெருப்பு வச்சிட்டாரு!"

அவளுக்குப் பின்னால் அது வந்துகொண்டிருந்தது. துணி எடுக்கப் போன அன்றைக்கு நான் பார்த்த அதே வெள்ளை, அதே இடுப்பு உயரம். வாய்க்காலைத் தாண்டி எங்கள் வயலுக்குள் இறங்கிவிட்டது. டிராக்டர்காரர் நாளைக் காலையில் வருகிறேன், விட்டால் பத்து நாள் ஆகும் என்று போன் பண்ணியிருக்கிறார். சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. மடையைத் திருட்டுத்தனமாகத் திறக்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற காரணம்தான்.

அண்ணியைத் தூக்காத குறையாக உள்ளே கொண்டுபோனேன். அம்மா ஜன்னல்களை அறைந்து சாத்தினாள். சித்தியே சுருட்டிய புடவையை வாளியில் முக்கிக் கதவுக்கடியில் திணித்தாள். பெட்டி ஓடியது. இருந்தாலும் ஒரு மூச்சு உள்ளே போய்விட்டது. இளைப்பு ஆரம்பித்தது. டாக்டரம்மா கொடுத்த இன்ஹேலரை இழுக்கச் சொல்லி, முதுகைப் பிடித்துக்கொண்டேன். கார்காரருக்கும் போன் பண்ணி வாசலில் நிற்கச் சொல்லியாகிவிட்டது. சித்தி சுவரோரம் நின்று, அண்ணியின் தோள் ஏறி இறங்குவதையே பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். சித்தப்பாவிடம் அவள் கத்தவில்லை.

"மோட்டாரப் போடுங்க. வயலுக்குத் தண்ணிய விடுங்க. பருத்தி போனாப் போவுது" என்று மட்டும் சொன்னாள்.

பனியில் ஈரம் ஏறிய வைக்கோல் கொழுந்துவிட்டு எரியாது, இரவெல்லாம் கனன்று புகைந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்த வயலையே நனைத்தாக வேண்டும். நனைத்தால் டிராக்டர் இறங்காது. இவ்வளவும் சித்தப்பாவுக்குத் தெரியும். போர்வெல் மோட்டார் சத்தம் எங்கள் பின்னறை வரை கேட்டது. அப்பாவும் மண்வெட்டியோடு ஓடினார். இரண்டு பேரும் சேர்ந்து மடை மாற்றி மடை மாற்றித் தண்ணீரைத் திருப்பினார்களாம். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் புகை அறுந்துவிட்டது. உள்ளே அண்ணியின் மூச்சும் மெல்லச் சமப்பட்டது. கொய்யா எங்கே என்று கேட்டாள். அம்மா அழுதுவிட்டாள். சாம்பிராணி போடவில்லை.

மறுநாள் சித்தப்பா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"உன் புகை முறையால என் பருத்தி முறை போச்சு பாப்பா" என்றார்.

"உள்ள வாங்க சித்தப்பா, காபி குடிங்க" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

அந்த அறுப்புக் காலம் முடிகிறவரை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் முதல் நாளே செய்தி வந்துவிடும்: நாளை மத்தியானம் இன்னார் வயல். ஒன்றிரண்டு பேர் கடைசிவரை கேட்கவில்லை. ஆனால் வயசானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் வீடுகளில் அந்தச் செய்தியைப் பார்த்து ஜன்னல் சாத்துகிற சத்தம் தெருவில் கேட்கும். பங்குனியில் அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அது அழுத அழுகையைக் கேட்டு, நுரையீரலுக்கு ஒரு குறையும் இல்லை என்று நானே சான்றிதழ் கொடுத்துவிட்டேன்.

சித்தப்பாவின் வயலில் பாதி எரிந்தது, பாதி எரியாமல் நனைந்து கிடந்து மக்கியது. ஈரம் காய்ந்ததும் அந்த மக்கலையும் சேர்த்தே டிராக்டரில் ரொட்டவேட்டர் மாட்டி ஓட்டிப் பருத்தி ஊன்றினார். நனைந்த பாதியில் உரத்தைக் கொஞ்சம் குறைத்தாராம், செடி ஒன்றும் சோடை போகவில்லையாம். செடி தேறியது மக்கிய வைக்கோலாலா, இல்லை அவர் உரத்தைக் குறைத்ததே பேருக்குத்தானா என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் விடப்போவதும் இல்லை.

அதனால் இந்தத் தையில் அப்பா வயல் முழுக்க நெருப்பே கிடையாது. அறுப்பு முடிந்த ஈரத்திலேயே வைக்கோலைப் பரப்பி, தண்ணீர் விட்டு, மடக்கி உழப்போகிறோம். சித்தப்பா தன் வயலில் பாதி தருகிறேன் என்றிருக்கிறார். மீதிப் பாதி எரிப்பாராம், எது ஜெயிக்கிறது என்று பார்க்கலாமாம். பார்க்கலாம். சித்தி ஓடி வந்த அந்த வரப்பில்தான் நான் தினமும் நடக்கிறேன். தன் புகைக்கு முன்னால் ஓடி வந்து சொல்ல ஒரு ஆள் தேவைப்படாத வயலை அந்த வரப்பின் இரண்டு பக்கமும் உண்டாக்கிவிட வேண்டும் என்பது, கொல்லை வாசலில் தவழ ஆரம்பித்திருக்கிற அந்தக் குட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆசையாக இல்லை, அடுத்த வேலையாகவே தெரிகிறது.