மாப்பிள்ளையின் நெற்றி

“கமரா பிடிக்கிறது இருக்கட்டும், கொம்பியூட்டர் வேலை உனக்குச் சரிவருமோ?” என்று பெரியப்பா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் பெற்றவள் நான். அந்தக் கேள்வி சுட்டது.

நான் தனியாகப் படமெடுத்த முதல் கலியாணம் கோப்பாயில், கோயிலுக்குள், விடியற்காலையில் நடந்தது. ஐயர் பிளாஷ் போட விடவில்லை. இருட்டில் எடுத்த படங்களில் மணல் தூவியதுபோல் புள்ளிகள். மாலை வரவேற்பில் அவற்றைப் பெரிய திரையில் காட்ட வேண்டும். சில நாள் இலவசமாகப் பாவித்துப் பார்க்கத் தந்த இரண்டு மென்பொருள்கள் என்னிடம் இருந்தன. ஒன்றில் கமரா பதிந்தபடியே இருக்கும் ரோ (RAW) கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பார்த்துப் பார்த்துப் புள்ளிகளைக் குறைக்க வேண்டும். மற்றது ஒரே அழுத்தில் எல்லாவற்றையும் பளபளப்பாக்கிவிடும். நேரம் போதாதென்று அதையே பிடித்தேன்.

மண்டபம் நிறையும்போது மாப்பிள்ளையின் அம்மா என் கொம்பியூட்டரை எட்டிப் பார்த்தார்.

“பிள்ளை, என்ரை மோன்ரை நெத்தி ஏன் பாழாக் கிடக்கு? திருநீறு எங்கை?”

வியர்வையில் கலைந்திருந்த திருநீற்றையும் மென்பொருள் புள்ளிகளோடு துடைத்திருந்தது. மணவறையில் வெறும் நெற்றியோடு மகன்!

“தங்கச்சி, படம் போடட்டோ?” என்று திரைக்காரர் கத்தினார்.

“பொறுங்கோ அண்ணை!”

ரோ கோப்பைத் திறந்தேன். புள்ளிகளுக்கு நடுவே மூன்று கோடுகள் மங்கலாகத் தெரிந்தன.

“உதைப் போடு,” என்று அந்தப் படத்தைக் காட்டினார் மாப்பிள்ளையின் அம்மா. “சொரசொரப்பா இருந்தாலும் உதுதான் என்ரை பிள்ளை.”

அப்படியே போட்டேன்.

எதை நீக்கலாம் என்ற முடிவை, அந்த முகத்தை அறியாத ஒன்றிடம் விட்டிருந்தேன். இப்போது மெதுவான மென்பொருளையே வாங்கிவிட்டேன். அடுத்த கலியாணத்தின் முதல் படம் திறந்திருக்கிறது. மணப்பெண்ணின் அக்காவைப் பக்கத்தில் இருத்தியிருக்கிறேன்.